ஜெபச் சங்கிலி

வெர்லின் விட்ரிக்கின் மாட்டுக்கொட்டகையில் இரண்டாவது தொலைபேசிக்கென்று மாட்டியிருந்த மணி முன்பு ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தது. பள்ளியை இடித்தபோது வெர்லின் அதை வாங்கிவந்து தொலைபேசிக் கம்பியோடு இணைத்தான். பால் கறக்கும் எந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதற்கு அந்த மணிதான் சரி. முதல் தடவை அது அடித்தபோது மாடுகள் எல்லாம் கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன. அப்புறம் பழகிவிட்டன. பழகாதவள் அவன் மனைவி யூனிஸ் ஒருத்திதான். மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

"உன் மாடெல்லாம் பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு வெளிய ஓடப்போவுது, பாரு" என்றேன் நான்.

"ஓடட்டும்யா க்ளென். சாயங்காலம் தானா திரும்பி வரும். எனக்கு அந்த போன்ல வர்ற சத்தம் தப்பிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றான்.

நான் பால் வண்டிக்காரன். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒவ்வொரு பண்ணைக்கும் போய், தொட்டியில் குளிர்ந்து கிடக்கும் பாலை ஏற்றிக்கொண்டு ஆற்றோரத்துத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவேன். இதில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மூக்கு: தொட்டி மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும். வெங்காயப் புல் தின்ற மாடு, கெட்ட மடி, கழுவாத குழாய் எல்லாம் மூக்குக்குத் தெரியும். பிறகு சூடு பார்ப்பது, அளவுகோலை இறக்கிப் பார்ப்பது, தொட்டியை நன்றாகக் கலக்கவிட்டு மாதிரி எடுப்பது. கலக்கும் நேரத்தில் சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் எனக்குக் காபி கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

இரண்டாவது தொலைபேசியின் கதையையும் அப்படித்தான் கேட்டேன். எங்கள் மாநிலத்தில் வக்கீல் வைத்துக் குழந்தை தத்தெடுக்கலாம். ஆனால் வக்கீல் குழந்தையைத் தேடித் தரக் கூடாது. குழந்தையை ஒருவர் கையில் கொடுக்கிற உரிமை பெற்றவளுக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே வேண்டுகிறவர்கள் ஊர் ஊராகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அதற்கென்று தனி எண் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு யோசித்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு பெண் அதைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டபின்தான் வக்கீலுக்கு வேலை. அந்தப் பெண்ணுக்கு வேறு வக்கீல், இவர்களுக்கு வேறு வக்கீல்.

வெர்லினும் யூனிஸும் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள். அந்தச் சபைக்காரர்களுக்கு வக்கீல் என்றாலே கொஞ்சம் கூசும். அவர்கள் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டால் போய்ப் பேசுவார்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள். சத்தியம் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் சத்தியம் செய்யாத நேரத்தில் சொன்னதெல்லாம் பொய்யா என்று ஆகிவிடும். கேட்டதற்கு உள்ளதைச் சொல்வார்கள். இப்படி வளர்ந்த வெர்லின், நகரத்தில் கான்ஸ்டன்ஸ் பெக் என்ற வக்கீலம்மாவின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால், அவர்களுக்குப் பிள்ளை ஏக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

மணி பலதடவை வீணாக அடித்தது. பழைய டிராக்டர் விற்பனைக்கு உண்டா என்று ஒருவன் கேட்டான். ஒரு பெண் மூன்று மாதம் பேசிவிட்டு, பிள்ளை பிறந்த அன்று மனம் மாறிவிட்டாள். அந்த வாரம் யூனிஸ் எனக்குக் காபி கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

அப்புறம், சோளப் பயிரை வெட்டிக் குதிரில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டானா கூப்பிட்டாள். ஆற்றுக்குக் கீழே காகித ஆலை ஊர்க்காரி. பத்தொன்பது வயது இருக்கும்.

"அது என்னங்க பின்னால சத்தம்?" என்றுதான் முதலில் கேட்டாளாம்.

"மாடும்மா. தீனி நேரம். கொஞ்சம் லேட்டானா இப்படித்தான் திட்டும்" என்றாள் யூனிஸ்.

அந்தப் பெண் சிரித்தாள். "சரி, போய் போட்டுட்டு வாங்க. நான் லைன்ல இருக்கேன்" என்றாள். யூனிஸ் தீனி போட்டுவிட்டு வந்தபோது அவள் வைக்காமலே இருந்தாள். இதை என்னிடம் யூனிஸ் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ தெரியாது.

ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. லிடியா என்று பெயர் வைத்தார்கள். டானா கையெழுத்துப் போட்டாள். தகப்பன் யார் என்று தெரியாது என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையெழுத்தை அவள் ஒன்றரை மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். அதற்கப்புறம் முடியாது. அந்த ஒன்றரை மாதத்தை வக்கீலம்மா இப்படி விளக்கியிருந்தார்: "ஏரி உறைஞ்சிருக்கு, ஆனா வண்டி ஓட்டுற அளவுக்கு இன்னும் உறையல. மெதுவா நடங்க. குதிக்காதீங்க. அந்தப் பொண்ணு பேரையும் ஊரையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. கூடப் பொறந்தவங்ககிட்டகூட."

யூனிஸ் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஜெபச் சங்கிலியில் முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

ஜெபச் சங்கிலி என்பது சபைப் பெண்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. ஒருத்திக்கு ஜெபம் வேண்டுமென்றால் இன்னொருத்தியைக் கூப்பிட்டுச் சொல்வாள். அவள் அடுத்தவளுக்கு, அடுத்தவள் அதற்கடுத்தவளுக்கு. காபி ஆறுவதற்குள் எங்கள் பண்ணைகள் இருக்கும் மேடு முழுக்கப் போய்விடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முடிவு: கடைசி ஆள் முதல் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, தன்னிடம் வந்து சேர்ந்ததை அப்படியே ஒப்பிக்க வேண்டும். நடுவில் எங்காவது அறுந்ததா, சொல் திரிந்ததா என்று அதில் தெரிந்துவிடும். நானும் தொட்டியின் மேலே ஒரு மாதிரி, அடியில் ஒரு மாதிரி என்று எடுத்துப் பார்ப்பேன். அதே புத்திதான்.

"பேரைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். குழந்தை அவள் தோளில் கிடந்தது. வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது.

"சொல்லாம எப்படி க்ளென்? அந்தப் பொண்ணு பெத்துக் கொடுத்துட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருக்கா. மாருல பால் கட்டி வலிக்கும். யாரோ ஒரு பொண்ணுக்காக ஜெபிங்கன்னா யாருக்கு மனசு இறங்கும்? பேரு தெரிஞ்சாத்தான் அழமுடியும்."

"வக்கீலம்மா..."

"அவங்க சொன்னது ஊர்வம்புக்கு. இது ஜெபம்."

அப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது. யூனிஸ் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள். சங்கிலியின் கடைசி ஆள். "சொல்லுங்க மெல்வா" என்றாள் யூனிஸ், சிரித்துக்கொண்டு. பிறகு "ம்" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "ஆமா. வந்து சேந்துடுச்சு. நன்றி" என்று வைத்துவிட்டாள்.

"சங்கிலி அறுந்துடுச்சா?" என்றேன்.

"அறுந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள். பால் கலக்கியாகியிருக்கும், போய்ப் பாருங்கள் என்று என்னை அனுப்பிவிட்டாள்.

என் அடுத்த பண்ணை மெல்வா ரோகியினுடையது. மெல்வாவிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. குழாயை மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"டானாவுக்காக, டானாவோட கோரிங்கிறவனுக்காக. அப்படித்தான் எனக்கு வந்துச்சு. வந்தத வந்தபடி யூனிஸ்கிட்ட சொன்னேன். அவ என்னடான்னா ஊமையாட்டம் நிக்கிறா."

"கோரி யாரு?"

"யாரா? அப்பன்யா, அப்பன்! சங்கிலில நம்ம வெர்னா இருக்காள்ல, அவ அக்கா பையன். டானாவும் இவனும் சண்ட போட்டுக்கிட்டு, இவன் கோடைலயே வடக்க மரம் வெட்டப் போயிட்டான். இப்பத்தான் வந்து மர ஆலைல வேல பாக்குறான். புள்ள உண்டானதே அவனுக்குத் தெரியாதாம். டானா பேரு வந்ததும் வெர்னாவுக்குப் பொறி தட்டியிருக்கு. பாவம் பையனையும் சேத்துக்குவோம்னு சேத்துவிட்டா."

"இதை யூனிஸ்கிட்ட சொல்லணுமா மெல்வா?"

"நல்லா கேட்ட போ. கடைசி ஆளு முழுங்கிட்டா அது என்ன சங்கிலி? நீ பாதிப் பாலத் தொட்டில விட்டுட்டுப் போவியா?"

போக மாட்டேன்தான். ஆனால் அன்று வண்டியை ஓட்டும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். யூனிஸ் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பினாள், இரண்டு பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டாவது பெயர் இப்போது மேட்டில் உள்ள எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பனி வானத்திலிருந்து நேராக வருவதல்ல. மேற்கே பெரிய ஏரி. குளிர்காற்று அதன்மேல் வரும்போது ஏரியின் வெதுவெதுப்பான ஈரத்தை அள்ளிக்கொள்ளும். எங்கள் மேட்டில் ஏறும்போது சுமை தாங்காமல் கொட்டிவிடும். பட்டையாகத்தான் வரும். ஒரு பண்ணையில் வெயில் அடிக்கும், அடுத்ததில் கையை நீட்டினால் விரல் தெரியாது. பட்டைக்கு வெளியே நிற்பவனுக்கு அது வெள்ளைச் சுவர் போலத் தெரியும். நகர்கிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியாது. அந்த வாரங்களில் அந்தச் சுவர் விட்ரிக் பண்ணைக்கு மேற்கே நின்றுகொண்டே இருந்தது.

குழந்தை வந்த வீட்டுக்குச் சபைக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம். பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டது, கோழி நூடுல்ஸ், மேப்பிள் பாகு ஊற்றிய ரொட்டி. பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள், திருப்பிக் கொடுக்க. மற்ற வீடுகளில் கொண்டுவந்தவர்கள் உட்கார்ந்து குழந்தையை மடிமாற்றி மடிமாற்றிக் கொஞ்சிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இங்கே வாசலிலேயே நின்றார்கள். கோட்டைக் கழற்றவில்லை. குழந்தையைப் பார்த்தார்கள், யூனிஸைப் பார்த்தார்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்றார்கள். யாரும் கோரி என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். விட்ரிக் பண்ணையின் அஞ்சல் பெட்டி சாலையோரத்தில், வீட்டுக்கு வெகு தூரம் முன்னால் இருக்கும். அங்கே ஒரு பழைய நீலப் பிக்கப் வண்டி நின்றிருந்தது. உள்ளே ஆள் இருந்தான். என் வண்டி திரும்பியதும் கிளம்பிவிட்டான். அடுத்த முறை வண்டி இல்லை, சக்கரத் தடம் மட்டும் இருந்தது. வந்து, எஞ்சினை அணைக்காமல் நின்று, திரும்பிய தடம். புகை பட்டுப் பனி கறுத்திருந்தது.

வெர்லினிடம் சொன்னேன். "தெரியும்" என்றான். கன்றுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தான்.

கறவைப் பண்ணையில் கன்றைப் பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். தனிக் கூண்டில் வைத்துப் புட்டியில் பால் கொடுப்பது யூனிஸின் வேலை. அன்று அவள் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். நான் இருப்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

"இன்னிக்கு வக்கீலம்மாவக் கூப்பிடப் போறேன்" என்றாள்.

"என்னன்னு?"

"தகப்பன் இருக்கான்னு."

"யூனிஸ், அவங்க உன்னக் கேட்டாங்களா? இல்லேல்ல? டானாவக் கேட்டாங்க. டானா தெரியாதுன்னு எழுதிக் கொடுத்தா. நாம யாருகிட்டயும் பொய் சொல்லல."

"சொல்லாம இருக்கோம்."

"சொல்லாம இருக்கிறது பொய்யா?"

"நீயே சொல்லு, பொய்யா இல்லையான்னு. சபை முழுக்கத் தெரியும். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. எனக்கு மட்டும் தெரியாதுன்னு எப்படி வச்சுக்கறது? வாசல்ல வேற வந்து நிக்கிறான்."

"வாசல்ல நிக்கிறவன் உள்ள வந்து கேக்கட்டுமே. வேணும்னா வருவான். வரலேன்னா வேணாம்னு அர்த்தம்." வெர்லின் குரல் இறங்கியது. "இன்னும் கொஞ்ச நாளு. அதுக்கப்புறம் அவ கையெழுத்துக் கெட்டியாயிடும். கொஞ்ச நாளு வாய மூடிட்டு இரு. நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இதக் கேக்குறேன்."

யூனிஸ் புட்டியைக் கன்றின் வாயில் கொடுத்தாள். அது முட்டி முட்டிக் குடித்தது. "சரி" என்றாள், அவனைப் பார்க்காமல். "கொஞ்ச நாளு."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காப்பாற்ற முடியாமல் போனது வெர்லினால்தான்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் பனிப் பட்டை நகர்ந்து மேட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. சாலைகளை மூடிவிட்டார்கள். ஆனால் மாட்டுக்கு மடி மூட முடியாது. தொட்டி நிறைந்தால் கறந்ததைச் சாக்கடையில்தான் விட வேண்டும். அதனால் பனி தள்ளும் வண்டி முன்னால் போக, பால் வண்டி மட்டும் பின்னால் போகலாம். குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வெர்லின் கோட்டோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"ஆத்துப் பக்கம்தானே போற? என்னை மர ஆலைல இறக்கிவிடு. பால இறக்கிட்டு வரும்போது ஏத்திக்க."

"கறவை?"

"யூனிஸ் பாத்துக்குவா. தீவன ஆலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

வெர்லின் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் காதுமடல் சிவந்திருந்தது.

முன்னால் போகிறவனின் மஞ்சள் விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. பாதி வழியில் வெர்லின் பேசினான்.

"அவன் ஒரு குடிகாரனா இருந்தா நல்லாருக்கும் க்ளென்."

"என்னய்யா பேச்சு இது?"

"இல்ல, சண்டக்காரனா, வேலைக்கு ஒழுங்கா போகாதவனா. பாத்துட்டு வந்துட்டேன்னா ராத்திரி தூங்கிடுவேன். அவளும் தூங்குவா. இப்ப ரெண்டு பேரும் கண்ணத் தொறந்துட்டுப் படுத்திருக்கோம். குழந்தை மட்டும் தூங்குது."

மர ஆலையில் முதல் வேலை மரத்தின் பட்டையை உரிப்பது. மரத்தைப் பல்சக்கரம் வைத்த உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் வெள்ளையாக வரும். பனி ஒட்டிய மரம் வழுக்கும். அதனால் ஓர் ஆள் கொக்கிக் கோலோடு நின்று திருப்பிவிட வேண்டும், கவனம் சிதறினால் கை போய்விடும். அங்கே நின்றிருந்தான் கோரி. ஒல்லியாக, தாடி சரியாக முளைக்காத முகத்தோடு. வெர்லினைப் பார்த்ததும் எந்திரத்தை நிறுத்தி, கொக்கியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு வந்தான். யார் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வெர்லின் ஆசைப்பட்ட ஆள் இவன் இல்லை என்று. புயலில் வண்டியை நிறுத்திவிட்டு, வெர்லினைத் தனியே விட மனமில்லாமல் நானும் இறங்கியிருந்தேன்.

"நீங்கதான் விட்ரிக்" என்றான் கோரி.

"ஆமா."

"உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் சார். மூணு நாலு தடவ. கதவத் தட்டணும்னுதான் வந்தேன். ஒரு தடவ முற்றம் வரைக்கும் நடந்து வந்தேன், ஜன்னல்ல அந்தம்மா தெரிஞ்சாங்க. குழந்தையத் தோள்ல போட்டுட்டு நடந்துட்டிருந்தாங்க. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். பாட்டுப் பாடுறாங்கன்னு வாய் அசையறதுல தெரிஞ்சுச்சு. திரும்பிட்டேன்."

வெர்லின் தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டினான்.

"வெர்னா சித்தி எல்லாம் சொன்னாங்க. டானாகிட்டயும் பேசினேன். அழுதா. நான் ஒரு வக்கீலப் பாத்து எழுதி வச்சிருக்கேன், அப்பன் நான்தான்னு. இன்னும் கோர்ட்ல போடல."

"ஏன் போடல?"

கோரி கையுறையைக் கழற்றினான், மாட்டினான். "எனக்கு என்ன இருக்கு சார்? அம்மா வீட்ல ஒரு ரூம். உங்க கிட்ட நெலம் இருக்கு, மாடு இருக்கு, அந்தம்மா இருக்காங்க. சித்தி சொல்வாங்க, சபை ஆளுங்க பொய் பேச மாட்டாங்கன்னு. அவங்களுக்கு நான் இருக்கிறது தெரியும், தெரிஞ்சவங்க தானா வந்து உன் குழந்தைன்னு சொல்வாங்க பாருன்னாங்க. நானும் பாத்துட்டே இருந்தேன். தானா வந்து சொல்ற ஆளுங்கன்னா குழந்தை அங்கயே இருக்கட்டும், காகிதத்தக் கிழிச்சுடுவோம்னு நெனச்சிருந்தேன்." அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. சிரிப்பதற்குக்கூட ஆயத்தமாக இருந்தது. "இந்தப் பனில வந்திருக்கீங்க. சொல்லத்தானே வந்தீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நான் மனதுக்குள் கத்தினேன். சொல்லித் தொலையேன் வெர்லின், ஆமான்னு சொல்லேன். என் உதடுவரை வந்துவிட்டது. ஆனால் கேள்வி என்னிடம் இல்லை.

வெர்லின் தரையைப் பார்த்தான். காலையில் மனைவியிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தவன், இன்னொன்றுக்கு அவனிடம் பலம் இல்லை. அல்லது நேருக்கு நேர் கேட்டால் உள்ளதைச் சொல்வது அவனுக்குள் அத்தனை ஆழத்தில் போயிருந்தது.

"இல்ல தம்பி" என்றான். "சொல்ல வரல. நீ எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்க வந்தேன்."

கோரி தலையை ஆட்டினான். மெல்ல, பலதடவை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

"அப்ப சரி சார்" என்றான். "கவனமா போங்க. ரோடு வழுக்கும்." கொக்கியை எடுத்துக்கொண்டு போய் எந்திரத்தை ஓடவிட்டான்.

பாலை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வெர்லின், "அவகிட்ட சொல்லிடாத" என்றான். நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கோரி காகிதத்தைப் போட்டான். அது தெரிந்ததும் டானா தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றாள், தவணை முடிய இருந்த தருவாயில். வக்கீலம்மா பண்ணைக்கே வந்தார். காலில் பனிக்கு ஆகாத செருப்பு. யூனிஸ் அவருக்கு வெர்லினின் தடித்த காலுறையைக் கொடுத்தாள்.

"கோர்ட்ல சண்டை போடலாம்" என்றார். "அவ கையெழுத்தத் திரும்ப வாங்கினாலும் உடனே குழந்தைய எடுத்துட்டுப் போயிட முடியாது. குழந்தைக்கு எது நல்லதுன்னு நீதிபதி ரெண்டு பக்கமும் கேப்பார். அந்தப் பையன் இருபத்திரண்டு வயசு, அவளுக்கு வீடில்ல. நாம ஜெயிக்கக்கூட வாய்ப்பிருக்கு. ஒரு வருஷமாகும், ரெண்டாகும்."

"நீதிபதி முன்னால நின்னு அந்தப் பொண்ணு ஆகாதவன்னு நான் சொல்லணும்" என்றாள் யூனிஸ்.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்வேன்."

"எனக்காகச் சொல்வீங்க."

வெர்லின் சபையில் இல்லாத ஒருவனைப் போலப் பேசினான்: "போடலாம் யூனிஸ். இந்த ஒரு தடவ. மத்தவங்க போடுறாங்கள்ல?" அவள் அவனைப் பார்த்தாள். கையை மட்டும் அவன் முழங்கைமேல் வைத்தாள். சண்டைப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. தன் அலுவலகத்தில் வைத்துக் குழந்தையைக் கொடுக்கலாம் என்று வக்கீலம்மா சொன்னார். "அவன் இங்க வரட்டும். இதுவரைக்கும் வாசலோட திரும்பிப் போயிருக்கான்" என்றாள் யூனிஸ்.

அந்த நாள் என் முறை நாளாக அமைந்தது. காலையில் வெயில். பனிப் பட்டை விலகி ஏரிப்பக்கம் போயிருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றது. முற்றத்தில் நீலப் பிக்கப். இருக்கையில் குழந்தைக்கான தொட்டில் நாற்காலியை இறுகக் கட்டியிருந்தார்கள். புதுசு, விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. டானா உள்ளே உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. யூனிஸ் அவள் பக்கத்துக் கண்ணாடியருகே போய் நின்று ஏதோ சொன்னாள். அந்தப் பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு யூனிஸ் குழந்தையைக் கோரியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை. அந்த நாற்காலியின் வார்கள் சுலபமானவை அல்ல. இரண்டு தோள்வார், இடுக்கு வார், மார்புக் கொளுவி. ஒன்றைத் தவறாகப் போட்டாலும் கிளிக் என்று சத்தம் வராது. யூனிஸ் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் தடுமாற வேண்டும்.

கோரி குழந்தையை இறக்கி, கைகளை ஒவ்வொன்றாக வாருக்குள் விட்டு, மூன்று கிளிக்கும் கேட்கும்படி மாட்டினான். கொளுவியை அக்குள் உயரத்துக்கு ஏற்றினான். வாருக்கும் மார்புக்கும் நடுவே விரலை விட்டு இறுக்கம் பார்த்தான்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றாள் யூனிஸ்.

"யாரும் இல்லம்மா. மாவுப் பைய வச்சுப் பழகினேன். பத்துப் பவுண்டுப் பை. அம்மா திட்டினாங்க, வீடெல்லாம் மாவுன்னு."

யூனிஸின் வாய் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. தன் கழுத்துத் துண்டை உருவிச் சுருட்டி, குழந்தையின் தலைக்கு இருபுறமும் அணை கொடுத்தாள். "மாவுக்குக் கழுத்து இல்ல" என்றாள். "இவளுக்கு இன்னும் தலை நிக்கல."

"சரிம்மா."

"கோரி, ஒண்ணு கேக்குறேன். நாங்க முன்னாடியே வந்து உங்கிட்ட சொல்லியிருந்தா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, கொட்டகை வாசலில் நின்ற வெர்லினைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். "தெரியலம்மா" என்றான்.

பிக்கப் போய்விட்டது. நான் உள்ளே போய்த் தொட்டியை முகர்ந்தேன், அளந்தேன், கலக்கவிட்டேன், மாதிரி எடுத்தேன், ஏற்றினேன். வேறு என்ன செய்ய? வெளியே வந்தபோது பனி தள்ளும் வண்டி சாலையில் போய்க்கொண்டிருந்தது. அது சாலையைச் சுத்தம் செய்துகொண்டே போகும், ஒதுக்கும் பனியை ஒவ்வொரு வீட்டு வழியின் வாயிலும் இடுப்பளவு கரையாகக் குவித்துவிட்டுப் போகும். வழியை அடைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. அப்படித்தான் அந்த எந்திரம். என் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது.

வெர்லின் மண்வாரியோடு போனான். யூனிஸும் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். அந்த வண்டி தள்ளிப்போட்ட பனி கல் மாதிரி. கொத்தித்தான் எடுக்க வேண்டும். மூவரும் கொத்தினோம்.

"கோரி உன்னப் பாத்தான்" என்றாள் யூனிஸ் வெர்லினிடம், நிமிராமல்.

வெர்லின் நிறுத்தினான். நான் வண்டிப் பக்கம் போகலாமா என்று பார்த்தேன். வழி இல்லை.

"போயிருந்தேன்" என்றான். "தீவன ஆலைக்குப் போகல. அவன்கிட்ட போனேன். சொல்லத்தானே வந்தீங்கன்னு கேட்டான். சொன்னா விட்டுடலாம்னு இருந்தானாம். நான் இல்லன்னேன். சொல்ல வரல, பாக்க வந்தேன்னேன்."

"அவன் கேட்டதுக்கு அப்படியா சொன்ன?"

"அதுதானே உண்மை."

யூனிஸ் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள். மூச்சு வெள்ளையாக வந்துபோனது. மேற்கே அந்தச் சுவர் கொஞ்சம் கிட்ட வந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என் வண்டியைப் பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டி நிறையப் பால்.

"அவரு போகணும்" என்றாள். "அந்தப் பக்கம் நீ வெட்டு."